பத்து விரலுக்குப் பொறுப்பு

ஆகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை என்று தேதியிட்ட ஒரு கடிதம் என் கோப்பில் இருக்கிறது. கோடு போட்ட தாள், நீல மை, கீழே பெற்றோர்கள், பயிற்சியாளர் என்று பதினேழு பேரின் கையெழுத்து. எங்கள் வட்டாரச் சிறுவர் கால்பந்து லீக்கின் செயலாளருக்கு எழுதப்பட்டது. அதன் நடுப்பத்தி இப்படிப் போகிறது: "மேற்படி நடுவர் கடந்த ஞாயிறன்று நாற்பது நிமிட ஆட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட முறை விசில் ஊதினார். எங்கள் பிள்ளைகள் ஓடிய நேரத்தைவிட நின்ற நேரமே அதிகம். இது கால்பந்தா, பள்ளிக்கூட அசெம்ப்ளியா என்று தெரியவில்லை."

மேற்படி நடுவர் என்று அந்தத் தாளில் மரியாதையாக அடங்கிக் கிடக்கும் மனிதரைப் பற்றி நான் ஒன்று சொல்வேன். உலகத்தில் இதுவரை பிறந்த கோல்கீப்பர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு தகப்பன் உண்டென்றால், அது எங்கள் விசில் மிசியேதான்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. லீக் பதிவேட்டில் அதை எழுதியவனே நான்தான். ஆனால் மைதானத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நிற்பார். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால்தான் இவர் மிசியே, பிரெஞ்சில் ஐயா. அந்த வீட்டுப் பழக்கத்தில், பையன்கள் கோல் கம்பத்தை நோக்கி வேகமாக ஓடினால் இவர் வாயிலிருந்து "துஸ்மா! துஸ்மா!" என்று வரும். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். ஓடுகிறவனைப் பார்த்து மெதுவாகப் போ என்று சொல்லும் நடுவர் உலகில் வேறு எங்கும் இருப்பதாக நான் படித்ததில்லை.

பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நடுவர் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் கிடையாது. எந்த ஊர் மைதானத்திலும் நடுவரைத் திட்ட ஜனங்களிடம் ஒரே வசவுதான் இருக்கிறது.

"யோவ், கண்ணாடி போட்டுக்கிட்டு வாய்யா!"

மிசியே ஆட்டத்தை நிறுத்தமாட்டார். ஓடிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்துக் கூட்டத்தை நோக்கி நீட்டுவார்.

"போட்டுத்தான் இருக்கேன். உங்களுக்கு வேணும்னா கடைக்கு வாங்க. திங்கக்கிழமை டெஸ்டிங் ஃப்ரீ."

திட்டியவர்களில் நான்கு பேர் உண்மையிலேயே கடைக்குப் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள். போட்டுக்கொண்ட பிறகு அவர்கள் திட்டவில்லை என்று சொல்ல முடியாது. தெளிவாகப் பார்த்துவிட்டுத் திட்டினார்கள்.

சட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோல்கீப்பரை எங்கள் பிள்ளைகள் கோலி என்பார்கள். கோலியின் கையில் பந்து இருக்கும்போது எதிரணியினர் அதை உதைக்கக் கூடாது. இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தரையில் கிடக்கும் பந்தின் மேல் ஒரு கை இருந்தால் போதும், பந்து கோலியுடையதுதான். முகத்துக்கு நேரே காலைத் தூக்குவது, படுத்துக் கிடக்கிற கோலி மேல் சறுக்கிக்கொண்டு போய் விழுவது எல்லாம் குற்றம். மற்ற நடுவர்களுக்கும் இது தெரியும். ஆனால் அவர்கள் "ஆடு, ஆடு" என்று கையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மிசியேவுக்கு நகரத் தெரியாது. பந்தின் மேல் ஒரு விரல் இருந்தால் போதும் அவருக்கு, விசில் வாய்க்குப் போய்விடும்.

விரல் என்றதும் அவருடைய வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு அணிக் கோலிகளையும் கூப்பிடுவார். கையுறையைக் கழற்றச் சொல்வார். நகம் வெட்டியிருக்கிறதா, மோதிரம் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு ஒவ்வொரு விரலாகத் தொட்டு, வாய்விட்டு எண்ணுவார். ஒன்றில் தொடங்கிப் பத்தில் முடிந்ததும் எதிரணித் தலைவனைப் பார்த்துச் சொல்வார்.

"தம்பி, பத்து குடுக்கறேன். பத்தா திருப்பிக் குடுக்கணும்."

ஆட்டம் முடிந்ததும் மறுபடி எண்ணுவார். எண்ணி முடிக்காமல் யாரும் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. புதிதாக வந்த ஒரு தாய் என்னிடம் பதற்றத்தோடு கேட்டார்: "ஏன் சார், இதுக்கு முன்னாடி இங்க யாருக்காவது விரல் போயிருக்கா?" போனதில்லை என்றேன். "அப்புறம் ஏன் எண்ணுறாரு?" என்றார். அதனால்தான் போனதில்லை என்று மிசியே சொல்வார் என்றேன். அந்த அம்மாவுக்கு ஆறுதல் கிடைத்ததாகத் தெரியவில்லை.

ஒருமுறை ஒரு கோலிப் பையன் விளையாட்டாகக் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டு கையை நீட்டினான். மிசியே எண்ணினார். ஒன்பது. மறுபடி எண்ணினார். ஒன்பது. மனிதர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். பையன் பயந்துபோய்க் கட்டைவிரலை வெளியே எடுத்து அவர் மூக்குக்கு நேரே ஆட்டினான். "மிசியே, இந்தா இருக்கு, இந்தா இருக்கு!" அவர் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எண்ணும்போது ஒளிச்சு வெக்காத கண்ணு" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவருக்கு இரண்டு சோடா தேவைப்பட்டது. பையன்தான் ஓடி வாங்கிவந்தான்.

எங்கள் மைதானம் லாஸ்பேட்டையில், சின்ன விமான நிலையத்துக்கு அதிகத் தொலைவில்லாமல் இருக்கிறது. மாலையில் ஒரு விமானம் கிளம்பித் தலைக்கு மேல் போகும். அந்தச் சத்தம் கேட்டதும் மிசியே விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திவிடுவார்.

"என்னாத்துக்கு நிறுத்துறீங்க?" என்று லாஸ்பேட்டை அணியின் பயிற்சியாளர் தணிகாசலம் கத்துவார்.

"பிளேன் போவுது."

"அது பாட்டுக்கு மேல போவுது. கீழ நாங்க என்னா பண்ணோம்?"

"கோலி நிமிர்ந்து பாக்குது கோச். அந்த நேரம் நீங்க ஷாட் அடிச்சா என்னாவும்?"

தணிகாசலம் கோல் கம்பத்தைப் பார்ப்பார். கோலி நிமிர்ந்துதான் பார்த்துக்கொண்டிருக்கும். சொல்லப்போனால் இருபத்திரண்டு பேரும் நிமிர்ந்துதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விமானம் கிளம்பத் தாமதமானால் மிசியேவுக்குக் கவலை வந்துவிடும். அடிக்கடி வானத்தைப் பார்ப்பார். ஆட்டம் முடிவதற்குள் அது வந்து போய்விட்டால்தான் நிம்மதி.

மைதானத்துக்கு வெளியேயும் இந்தப் புத்தி அவரை விடவில்லை. பெரிய மார்க்கெட் மீன் பகுதியில் நானே நேரில் பார்த்தேன். கடைசியாக மிஞ்சியிருந்த ஒரு வஞ்சிரத்தை ஒரு அம்மாள் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு அம்மாள் வந்து, நான் அப்போதே சொல்லிவைத்த மீன் என்று வாலைப் பிடித்து இழுத்தார். பையோடு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த மிசியேவின் கை சட்டைப் பைக்குப் போனது.

விசில் சத்தத்தில் மீன் பகுதி முழுக்க நின்றது. கூடை சுமந்துவந்த ஆள் கூடையோடு நின்றார். வெட்டிக்கொண்டிருந்த கத்தி பாதியில் நின்றது.

"அந்தம்மா ரெண்டு கையும் மேல வெச்சிருக்காங்க" என்றார் மிசியே, வால் பிடித்தவரைப் பார்த்து. "நீங்க தொடக் கூடாதும்மா. கைய எடுங்க."

வால் பிடித்த அம்மாள் திகைத்துப்போய்க் கையை எடுத்துவிட்டார். மீன்காரம்மாவுக்குத்தான் கோபம் வந்தது.

"யோவ், நீ யார்யா நடுவுல? செத்த மீனுக்குப் பீப்பீ ஊதிக்கிட்டு! ரெண்டு பேரும் இழுத்தா வெல ஏறும், அது பொறுக்கலையா உனக்கு?"

மிசியே இரண்டடி பின்னால் நகர்ந்து, வால் பிடித்தவரையும் நகரச் சொல்லிக் கையைக் காட்டினார். வஞ்சிரம் முதல் அம்மாளின் பைக்குள் பத்திரமாகப் போன பிறகுதான் நகர்ந்தார்.

இப்படிப்பட்டவர் மேல் எப்போதாவது ஒரு கடிதம் வந்தே தீரும். வந்தது. காரணமான ஆட்டம் ஆகஸ்ட் 4, ஞாயிறு மாலை. லீக்கின் பதிவேட்டை எழுதுவது என் வேலை. நடுக்கோட்டுக்கு நேரே பள்ளிக்கூட பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, யார் கோல் போட்டது, எத்தனையாவது நிமிடம், விசில் எதற்காக என்று எழுதிக்கொண்டே இருப்பேன். அன்றைய பக்கத்திலிருந்து சில வரிகள்:

"நிமிடம் 3: கோலி பந்தைப் பிடிக்கையில் எதிரணி வீரன் பக்கத்தில் நின்று இருமினான். நிமிடம் 11: கோலியின் ஷூ கயிறு அவிழ்ந்தது. நிமிடம் 12: அவிழ்ந்த கயிற்றைக் கட்டுகையில் எதிரணியினர் மிக அருகில் நின்றனர். நிமிடம் 17: நாய். நிமிடம் 26: விமானம். நிமிடம் 27: விமானம் போய்விட்டதா என்ற சந்தேகம்."

வியாழக்கிழமை மாலை பள்ளிக்கூட அறை ஒன்றில் விசாரணை வைத்தார்கள். செயலாளர் நடராஜன் தபால் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எழுத்தில் இல்லாத எதையும் நம்பாதவர். கடிதத்தில் முதல் கையெழுத்துப் போட்டிருந்த கோச் தணிகாசலம் நின்றுகொண்டே பேசினார்.

"சார், எனக்கு அவரு மேல தனிப்பட்ட கோவம் எதுவும் இல்ல. நல்ல மனுசன். எங்கம்மாவுக்குக் கண்ணாடி அவருதான் போட்டுக் குடுத்தாரு. ஆனா எம் பசங்க கோல் கிட்ட போறதுக்கே பயப்படுதுங்க. ஒரு பையன் பெனால்டி ஏரியாவுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி என்னப் பாத்து, போவலாமான்னு கேக்குறான்!"

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "புத்தகத்துல எவ்ளோ இருக்கு?"

எனக்குச் சங்கடமாக இருந்தது. எண்ணி வைத்திருந்தேன். "நாற்பத்தொன்று" என்றேன்.

அதுவரை மூலையில் கைகட்டி உட்கார்ந்திருந்த மிசியே எழுந்தார். மறுக்கப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம்.

"நாப்பத்தொண்ணு இல்ல சார். நாப்பத்திமூணு."

நான் பதிவேட்டைப் புரட்டினேன். மிசியே தொடர்ந்தார்.

"ரெண்டாவது பாதியில சார் டீ வாங்கப் போனாரு. அப்ப ரெண்டு ஊதினேன். ஒண்ணு, கோலி கண்ணுல வேர்வை. இன்னொண்ணு, கோலி தொடச்சிக்கிட்டு இருக்கும்போது அந்தப் பையன் பந்த வாங்க வந்தான்." என்னைப் பார்த்து, "எழுதிக்குங்க சார். புத்தகம் தப்பா இருக்கக் கூடாது" என்றார்.

நான் எழுதிக்கொண்டேன். இத்தனை வருடமாக நான் எழுதுகிற பதிவேட்டில், குற்றம் சாட்டப்பட்டவரே வந்து திருத்திய இடம் அது ஒன்றுதான்.

தணிகாசலத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. கடைசியில் செயலாளர் தீர்ப்புச் சொன்னார். வரும் ஞாயிறு லாஸ்பேட்டை அணிக்கும் பக்கத்துச் சாரம் அணிக்கும் கடைசி ஆட்டம். அதற்கு மிசியேவே நடுவர். சட்டத்தில் இடமில்லாத, தேவையற்ற விசில் மூன்று ஊதிவிட்டால், அன்றோடு விசிலைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

"தேவையா இல்லையான்னு யாரு சொல்றது?" என்றார் தணிகாசலம்.

"ஒவ்வொரு விசிலுக்கும் காரணத்த இவரு புத்தகத்துல எழுதுவாரு" என்று செயலாளர் என்னைக் காட்டினார். " காரணம் சட்டத்துல இருந்தா தேவை. இல்லாட்டி தேவையில்லாதது. புத்தகத்துல என்னா இருக்கோ அதான்."

இரண்டு பேரும் தலையாட்டினார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை.

வெளியே ஸ்கூட்டரை எடுக்கும்போது மிசியே என் பக்கத்தில் வந்து நின்றார். ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"சார், விசில் இல்லன்னாலும் கிரவுண்டுக்கு வரலாம் இல்ல?"

"தாராளமா வரலாம். உட்கார்ந்து பாக்கலாம்."

"பாத்துக்கிட்டு சும்மா உக்காரணுமா?"

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "அது முடியாது சார்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு. மாலை நாலரை மணி. தெற்கே கருத்திருந்தது. லாஸ்பேட்டை வென்றால் கோப்பை லாஸ்பேட்டைக்கு. புள்ளியில் முன்னால் இருந்ததால், சமன் செய்தாலே சாரத்துக்கு. சாரத்துக் கோலி ரோஸ்லின் என்ற பதினொரு வயதுப் பெண். ஒல்லி, எதற்கும் பயப்படாதவள். அவள் அம்மா கோல் வலைக்குப் பின்னால் குடையோடு வந்து நின்றார். மிசியே கறுப்பு எலாஸ்டிக்கில் கண்ணாடியைத் தலையோடு இறுக்கிக்கொண்டு, இரண்டு கோலிகளின் விரல்களையும் எண்ணினார். அன்று கொஞ்சம் மெதுவாகவே எண்ணினார்.

அந்த முதல் பாதியைப் போல் பரிதாபமான ஒன்றை நான் பார்த்ததில்லை. விசில் வாய்க்குப் போகும், திரும்பி வரும். ஒரு பையன் ரோஸ்லின் முன்னால் தும்மினான். மிசியே கண்களை மூடிக்கொண்டார். இன்னொருவன் அவள் பந்தை உதைக்கும்போது கைதட்டிச் சத்தம் போட்டான். மிசியே தன் இடது கையால் வலது கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினார். பார்க்கிறவர்களுக்கு, கையில் அடிபட்ட மனிதர் வலியோடு ஓடுவதுபோல் இருந்தது.

பதினாறாம் நிமிடத்தில் விமானம் வந்தது. பழக்கம் அவரை மிஞ்சிவிட்டது. ஊதிவிட்டார்.

"ஒண்ணு!" என்றார் தணிகாசலம்.

நான் எழுதினேன்: விமானம், தேவையில்லாதது.

இருபத்திரண்டாம் நிமிடத்தில் ஒரு லாஸ்பேட்டைப் பையன் குனிந்த ரோஸ்லினின் தலைக்கு நேரே ஷூவைத் தூக்கினான். விசில். தணிகாசலம்கூட அந்தப் பையனைத்தான் திட்டினார். தேவை என்று எழுதினேன். அதற்குள் ஆளுக்கொரு கோல் விழுந்திருந்தது.

முப்பத்தொன்றில், ரோஸ்லினுக்கு இரண்டு கை தூரத்தில் ஒரு பையன் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டினான். மிசியே மூன்று அடி நடந்தார், நின்றார், திரும்பினார், மறுபடி பார்த்தார், ஊதிவிட்டார்.

"ரெண்டு!" தணிகாசலம் இரண்டு விரலைத் தூக்கிச் செயலாளரிடம் காட்டினார். செயலாளர் என்னைப் பார்த்தார். நான் எழுதினேன்.

மழை பிடித்துக்கொண்டது. நாற்பதாம் நிமிடம். ஒன்றுக்கு ஒன்று. லாஸ்பேட்டைக்குக் கார்னர் கிக். பந்து உயரமாக வந்து, யார் தலையிலோ பட்டு, கோல் வாசலில் சேற்றில் விழுந்து நின்றது. அதன் மேல் ஏழெட்டுக் கால்கள். ரோஸ்லின் இடது கையை நீட்டிக்கொண்டு பக்கவாட்டில் பாய்ந்தாள். அதே நேரத்தில் லாஸ்பேட்டையின் கோகுல் காலை வீசினான். பந்து வலைக்குள் போனது.

லாஸ்பேட்டைப் பெற்றோர்கள் குடையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குதித்தார்கள். விசில் கேட்டது. கோலுக்கான விசில் என்றே நானும் நினைத்தேன். ஆனால் மிசியே நடுக்கோட்டைக் காட்டவில்லை. கையை நேராகத் தலைக்கு மேல் தூக்கி நின்றார். கோல் இல்லை. சாரத்துக்கு ஃப்ரீ கிக்.

தணிகாசலம் சேற்றில் சறுக்கிக்கொண்டே ஓடிவந்தார்.

"என்னாத்துக்குய்யா?"

"கோலி கை பந்து மேல இருந்துச்சு."

"எந்தக் கை?"

"இடது கை. சுண்டுவிரல்."

"சுண்டுவிரலா? கண்ணாடி மேல மழத் தண்ணி ஊத்துது, உனக்கு சுண்டுவிரல் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது கோச்."

தணிகாசலம் ரோஸ்லினிடம் திரும்பினார். "நீயே சொல்லு பாப்பா. பொய் சொல்லக் கூடாது. பந்துல உன் விரல் பட்டுச்சா?"

"எம் பொண்ணு பொய் சொல்லாது!" என்றார் வலைக்குப் பின்னாலிருந்து அம்மா.

ரோஸ்லின் முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மிசியேவின் வேலை தங்கிவிடும். அவளுக்கும் அது தெரியும்.

"தெரியல கோச்" என்றாள். "கண்ண மூடிட்டேன்."

"பாத்தியா! அதுக்கே தெரியல! டேய் கோகுல், நீ சொல்லுடா."

"நான் பந்த மட்டும்தான் பாத்தேன் கோச்" என்றான் கோகுல்.

"கோலிக்குத் தெரியணும்னு சட்டத்துல இல்ல கோச்" என்றார் மிசியே. குரலை உயர்த்தவில்லை. "விரலுக்கும் தரைக்கும் நடுவுல பந்து இருந்துச்சு. அத ஒதைக்கக் கூடாது."

தணிகாசலம் மூன்று விரலைத் தூக்கிக்கொண்டு செயலாளரிடம் நடந்தார். "மூணு சார். மூணு!"

நேரமும் முடிந்துவிட்டது, ஆட்டத்தின் முடிவு மாறப்போவதில்லை. மைதானத்தில் நடுவர் சொன்னது சொன்னதுதான். கோப்பை சாரத்துக்குப் போய்விட்டது. மாறக்கூடியது ஒன்றுதான் மிச்சம். செயலாளர் குடையைப் பிடித்துக்கொண்டு என் பெஞ்சுக்கு வந்தார்.

"என்னா எழுதப் போறீங்க?"

நான் இருந்தது நடுக்கோட்டுக்கு நேரே, அந்தக் கோலிலிருந்து பாதி மைதானம் தள்ளி. எனக்குத் தெரிந்தவை ஐந்து முதுகுகள், சாரத்து அணியின் குண்டுத் தடுப்பாட்டக்காரன் ஒருவன், அப்புறம் மழை. விரலைப் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் கிடையாது. பார்க்கவில்லை என்று எழுதினால் காரணம் சட்டத்தில் நிற்காது. மூன்றாவது விசில் ஆகிவிடும்.

நிமிர்ந்து பார்த்தேன். மிசியே என் பக்கம் பார்க்கவே இல்லை. கோல் வாசலில் முழங்கால் சேற்றில் பட மண்டியிட்டு, ரோஸ்லினின் கையுறைகளைக் கழற்றிவிட்டு, மழையில் எண்ணிக்கொண்டிருந்தார். நான் அவர் உதட்டைப் பார்த்தே எண்ணினேன். ஆறு, ஏழு. எட்டில் கொஞ்சம் நின்றார். அந்த விரலை மெதுவாக மடக்கி நீட்டிப் பார்த்தார். வலிக்குதா என்று கேட்டிருக்க வேண்டும், அவள் இல்லை என்று தலையாட்டினாள். ஒன்பது. பத்து. எழுந்து, அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டி, அம்மாவின் குடைக்குள் அனுப்பினார். பிறகுதான் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்களை நோக்கி நடந்துவந்தார். கொடுப்பதற்குத் தயாராகவே வந்தார்.

அவர் வந்து சேர்வதற்குள் நான் எழுதிவிட்டேன்: "நிமிடம் 40: கோலியின் இடது கைச் சுண்டுவிரல் பந்தின் மேல் இருந்தது. எதிரணி வீரன் உதைத்தான். ஃப்ரீ கிக், சாரம். தேவை."

செயலாளர் இரண்டு முறை படித்தார். குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, கீழே கையெழுத்துப் போட்டார். தணிகாசலம் என்னையே பார்த்தார்.

"நீங்க பாத்தீங்களா சார்?"

"புத்தகத்துல இருக்கு கோச்" என்றேன்.

அவர் கெட்டிக்காரர். சேற்றில் வந்துகொண்டிருந்த மிசியேவைப் பார்த்தார், கையிலிருந்த விசிலைப் பார்த்தார், பிறகு தொப்பியை எடுத்துத் தண்ணீரை உதறினார். "புத்தகத்துல இருந்தா சரி" என்று சொல்லிவிட்டுக் கோகுலைச் சமாதானப்படுத்தப் போனார். போகிற வழியில் மிசியேவைத் தாண்டும்போது, "விசில மாட்டுய்யா கழுத்துல. அடுத்த மாசம் அண்டர் ஃபோர்ட்டீன் இருக்கு" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

அதன்பின் நான் விசாரித்துவிட்டேன். அந்தக் கோல் வாசலுக்குப் பக்கத்தில் இருந்த பதினொரு பேரைத் தனித்தனியாகக் கேட்டேன். ஐந்து பேர் விரல் பட்டது என்றார்கள். நான்கு பேர் படவில்லை என்றார்கள். இரண்டு பேர் அப்போது குடையை விரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தகப்பனாரின் செல்போனில் அந்த நொடியின் படமே இருந்தது. அதில் ரோஸ்லினின் இடது கை, மணிக்கட்டு வரை தெளிவாகத் தெரிகிறது. மணிக்கட்டுக்கு அப்பால் குண்டுப் பையனின் முழங்கால். மிசியேவிடமும் ஒருமுறை கேட்டேன். "அன்னிக்கே சொன்னேனே சார்" என்றார்.

எனவே, ஆகஸ்ட் 11 அன்று நாற்பதாம் நிமிடத்தில் அந்தச் சுண்டுவிரல் பந்தின் மேல் இருந்ததா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை. என் பதிவேடுகளில் நான் பார்க்காமல், பார்த்ததுபோல் எழுதிய வரி அது ஒன்றுதான். பென்சிலால் அல்ல, மையால் எழுதியிருக்கிறேன்.